பட்டா வாங்கித் தந்தவர்கள்: ஒரு நாடு எழுத்தில் எப்படி உருவானது?

பாகப்பிரிவினை முடிந்து தனி வீடு கிடைத்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பால் காய்ச்சும் நாளில் உறவுக் கூட்டமே வந்துவிடும். மாவிலைத் தோரணம், போட்டோ, சாப்பாடு. ஆனால் அந்த வீடு முழுதாக அவர்களுடையது ஆவது அதற்கு அப்புறம்தான். பத்திரம் பதிய வேண்டும், பட்டாவில் பெயர் மாற வேண்டும், ரேஷன் கார்டில் யார் யார் பெயர் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். பால் காய்ச்சியவர் யார் என்று இருபது வருடம் கழித்தும் சொல்வார்கள். தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து பட்டா வாங்கித் தந்த சித்தப்பாவை எத்தனை பேர் சொல்வார்கள்?

இந்தியா என்ற நாட்டுக்கும் அப்படிச் சில சித்தப்பாக்கள் உண்டு.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வோம். விடுதலை வேறு, அரசு வேறு. ஆண்டுகொண்டிருந்தவன் கிளம்பிப் போவது விடுதலை. இது எங்கள் நிலம், இது எங்கள் சட்டம், இவர்கள் எங்கள் குடிமக்கள் என்று எழுத்தில் காட்ட முடிவது அரசு. 1947 ஆகஸ்ட் 15 காலையில் கொடி ஏறியபோது இந்தியாவிடம் இந்த மூன்றில் ஒன்றுகூட முழுதாக இல்லை. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதே ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியானது. நடப்பில் இருந்த சட்டம், பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1935இல் இயற்றிய இந்திய அரசுச் சட்டம். அதில் சில திருத்தங்கள் செய்து வைத்துக்கொண்டு 1950 ஜனவரி 26 வரை ஓட்டினோம். குடிமக்கள் யார் என்பதற்கோ ஒரு பட்டியலும் கிடையாது.

காந்தி, நேரு, பட்டேல், அம்பேத்கர் ஆகியோரைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அவர்களுக்குப் பின்னால் கோப்புக்கட்டோடு நின்றவர்கள் பெரும்பாலும் அரசு ஊழியர்கள். எந்த அரசின் ஊழியர்கள்? அங்கேதான் சிக்கல். முந்தின நாள் வரை அவர்கள் சம்பளம் வாங்கியது பிரிட்டிஷ் அரசிடம். சிறைக்குப் போகாதவர்கள், உப்புக் காய்ச்சாதவர்கள். அவர்கள் பெயர் அவ்வளவாகத் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எதிர்முகாமில் உட்கார்ந்திருந்தவரை வீட்டுப் படமாக மாட்டுவது யாருக்கும் அவ்வளவு எளிதில்லை.

பாகப்பிரிவினை என்று சும்மா உவமைக்காகச் சொல்லவில்லை. 1947 கோடையில் டெல்லியில் அது அப்படியேதான் நடந்தது. இந்தியத் தரப்பில் எச்.எம். படேல், பாகிஸ்தான் தரப்பில் சௌத்ரி முகம்மது அலி என்று இரண்டு அதிகாரிகள் உட்கார்ந்து ரொக்கத்தையும் கடனையும் நாற்காலி மேசைகளையும் தட்டச்சு இயந்திரங்களையும் பிரித்தார்கள். ரொக்கத்தில் நூற்றுக்குப் பதினேழரை பங்கு பாகிஸ்தானுக்கு என்று கணக்கு நின்றது. இருவரும் அதுவரை ஒரே சர்க்காரில் உடன் வேலை பார்த்தவர்கள். பின்னாளில் சௌத்ரி பாகிஸ்தானின் பிரதமர் ஆனார்; எச்.எம். படேல் 1977இல் இந்தியாவின் நிதி அமைச்சர் ஆனார். (சர்தார் பட்டேலோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சரி, நிலத்துக்கு வருவோம்.

அன்றைய இந்திய வரைபடத்தைப் பார்த்தால் ஒட்டுத்துணி போட்ட போர்வை மாதிரி இருக்கும். பிரிட்டிஷார் நேராக ஆண்ட மாகாணங்கள் ஒரு பக்கம். ராஜாக்களும் நவாபுகளும் ஆண்ட சமஸ்தானங்கள் இன்னொரு பக்கம். ஐந்நூறுக்கு மேற்பட்ட சமஸ்தானங்கள், மொத்த நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. பிரிட்டன் கிளம்பும்போது இந்த மன்னர்களோடு செய்திருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் காலாவதி ஆகும் என்று அறிவித்துவிட்டது. சட்டப்படி பார்த்தால் ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தும் திருவிதாங்கூரும் தனித்தனி நாடு என்று சொல்லிக்கொள்ள வாய்ப்பிருந்தது. திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயர் 1947 ஜூனில் அதைச் சொல்லியும்விட்டார். எங்கோ வடக்கே நடந்த கதை என்றும் நினைக்க வேண்டாம். திருச்சிக்கும் தஞ்சைக்கும் பக்கத்தில் புதுக்கோட்டையில் தொண்டைமான் மன்னர் ஆண்டுகொண்டிருந்தார். 1948 மார்ச்சில்தான் அது சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது.

இதைத் தீர்க்க 1947 ஜூலையில் சமஸ்தானங்களுக்கென்று ஒரு துறை உண்டானது. அமைச்சர் சர்தார் பட்டேல். செயலாளர் வி.பி. மேனன்.

மேனன் 1893இல் ஒற்றப்பாலம் பக்கத்தில் பிறந்தவர். அது அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். கோலார் தங்கவயலில் வேலை பார்த்தார், வேறு சில சின்ன வேலைகளும் செய்தார், பிறகு 1914இல் டெல்லி அரசின் உள்துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த ஐ.சி.எஸ். (பிரிட்டிஷ் இந்தியாவின் உயர் ஆட்சிப் பணி) அதிகாரிகள் நிறைந்த இடத்தில், பட்டமே இல்லாத ஒரு குமாஸ்தா. அரசியலமைப்பு சம்பந்தப்பட்ட ஃபைல்களை ஆண்டுக்கணக்கில் புரட்டிப் புரட்டி, 1942இல் வைஸ்ராயின் சீர்திருத்த ஆணையர், அதாவது அரசியலமைப்பு விஷயங்களில் அவருக்கு ஆலோசகர், ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

1947 மே மாதம் சிம்லாவில் ஒரு பகல்பொழுது. அதிகாரத்தைக் கைமாற்ற வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் கையில் வைத்திருந்த திட்டத்தை நேரு பார்த்துவிட்டு, இது நாட்டைத் துண்டுதுண்டாக உடைக்கும் என்று மறுத்துவிட்டார். நேரு அன்று மாலை கிளம்ப வேண்டும். அதற்குள் வேறு திட்டம் எழுதித் தரும்படி மேனனிடம் சொல்லப்பட்டது. சில மணி நேரத்தில் அவர் எழுதிக்கொடுத்த வரைவுதான், இரண்டு டொமினியன்களாக (பிரிட்டிஷ் முடியின் கீழ் தன்னாட்சி நாடுகளாக) அதிகாரம் கைமாறுவது என்று நாம் பாடத்தில் படிக்கும் ஏற்பாட்டின் அடிப்படை.

சமஸ்தானத் துறையிலும் அவருடைய ஆயுதம் ஒரு தாள்தான். பெயர் இணைப்பு ஆவணம். அதன் தந்திரம் அதன் சுருக்கத்தில் இருந்தது. பாதுகாப்பு, வெளிவிவகாரம், தகவல் தொடர்பு ஆகிய மூன்றை மட்டும் இந்தியாவிடம் கொடுங்கள், மற்றதெல்லாம் உங்களிடமே இருக்கட்டும் என்று மன்னர்களிடம் சொன்னார்கள். இந்த மூன்றையும் பல மன்னர்கள் எந்தக் காலத்திலும் தாங்களாக நடத்தியதில்லை, பிரிட்டிஷார்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் எதையும் இழப்பதாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆகஸ்ட் 15க்குள் ஹைதராபாத், காஷ்மீர், ஜூனாகத் போன்ற ஒருசிலவற்றைத் தவிர, இந்தியப் பக்கம் இருந்த சமஸ்தானங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டன. அப்புறம் ஒன்றிரண்டு ஆண்டுகளில் இரண்டாவது தாள் வந்தது. ஆட்சியை மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள், அதற்கு ஈடாக மன்னர் மானியம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது அது. 1971இல் அந்த மானியமும் நிறுத்தப்பட்டது. வாக்குக் கொடுத்துவிட்டு மீறலாமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

எல்லாம் நயமாகவே நடந்தது என்றும் சொல்ல முடியாது. ஜோத்பூரின் இளம் மன்னர் ஹன்வந்த் சிங் கையெழுத்துப் போட்ட கையோடு, மை ஊற்றும் பேனாவுக்குள் ஒளித்திருந்த சின்னத் துப்பாக்கியை எடுத்து மேனன் முகத்துக்கு நேரே நீட்டினார். விளையாட்டுப்பிள்ளைத்தனம் வேண்டாம் என்று மேனன் கண்டித்தாராம். பின்னாளில் எழுதிய நூலில் அவரே இதைச் சொல்கிறார். ஹைதராபாத்துக்கு 1948 செப்டம்பரில் ராணுவமே போக வேண்டியிருந்தது; தாளால் முடியாத இடமும் இருந்தது. 1950 டிசம்பரில் பட்டேல் இறந்ததும் மேனனின் செல்வாக்கும் ஓய்ந்தது. பெங்களூரில் குடியேறி, 1965இன் கடைசி நாளில் காலமானார்.

அடுத்தது சட்டம். இதைப் பேசும்போது கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். பி.என். ராவ் என்ற பெயரை எடுத்தாலே, "பார்த்தீர்களா, அரசியலமைப்பை அம்பேத்கர் எழுதவில்லை" என்று வாதாட ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அந்த வாதம் தவறு. எப்படி என்று சொல்கிறேன்.

பெனகல் நரசிங் ராவ் மங்களூர்க்காரர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து ஐ.சி.எஸ். ஆனவர். 1946இல், அரசியலமைப்பை எழுதக் கூடிய அரசியல் நிர்ணய சபையின் அரசியலமைப்பு ஆலோசகராக நியமிக்கப்பட்டார். சபையில் அவர் உறுப்பினர் அல்ல, ஓட்டும் கிடையாது. இந்த வேலைக்குச் சம்பளம் வாங்க மறுத்துவிட்டார். உலகத்து அரசியலமைப்புகளைத் தேடிப் படித்து, எந்த நாட்டில் எந்தப் பிரச்சினைக்கு என்ன விதி வைத்திருக்கிறார்கள் என்று தொகுத்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தார். 1947 அக்டோபரில் 243 பிரிவுகளும் 13 அட்டவணைகளும் கொண்ட முதல் வரைவைத் தயார் செய்தார். பிறகு அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் என்று சுற்றி நீதிபதிகளையும் சட்ட அறிஞர்களையும் சந்தித்துவிட்டு வந்தார். பர்மா தன் அரசியலமைப்பை எழுதியபோதும் இவர் கைகொடுத்தார்.

இப்போது அந்த வாதம். ராவ் கொடுத்தது மூலப்பொருள். அதை எடுத்து அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு 315 பிரிவுகளாக ஆக்கியது. அப்புறம் சபையில் ஒவ்வொரு பிரிவாக விவாதம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் கொடுக்கப்பட்டன. அதில் 2,473 சபையில் எடுத்துக்கொள்ளப்பட்டன. பெரும்பாலானவற்றுக்கு எழுந்து நின்று பதில் சொன்னவர், ஏற்பதை ஏற்று மறுப்பதை மறுத்தவர் அம்பேத்கர். முடிவில் வந்தது 395 பிரிவுகள். குழுவில் ஏழு பேர் இருந்தும், ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், சிலர் டெல்லிக்கே வர முடியவில்லை, கடைசியில் சுமை முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று சபையிலேயே சொன்னவர் அந்தக் குழுவில் இருந்த நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. வரைபடம் போடுவது ஒரு வேலை. வீட்டைக் கட்டி, கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, கூரை போடுவது இன்னொரு வேலை.

ராவுக்கு உரிய பங்கைச் சபையில் எடுத்துச் சொன்னவரும் அம்பேத்கர்தான். 1949 நவம்பர் 25 அன்று பேசிய கடைசி உரையில், தனக்குத் தரப்படும் பெருமையில் ஒரு பகுதி ராவுக்குச் சேரும் என்றார். அதைவிடப் பெரிய பங்கு தலைமை வரைவாளர் எஸ்.என். முகர்ஜிக்கு என்றார். தன்னைவிடத் தகுதியானவர் என்று வரைவுக் குழு உறுப்பினர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரையும் குறிப்பிட்டார். முகர்ஜி யார் என்று கேட்டால் நம்மில் நூற்றில் ஒருவர்கூடச் சொல்லமாட்டோம். சபையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசி முடித்ததும், சிக்கலான அந்தக் கருத்தை ஓட்டையில்லாத சட்ட வாக்கியமாக இரவோடு இரவாக மாற்றித் தருவது அவரும் அவருடைய அலுவலகமும் செய்த வேலை. இரண்டு ஆண்டு, பதினொரு மாதம், பதினேழு நாள் இந்த வேலை நடந்தது. ஒரு காற்புள்ளி இடம் மாறினால் வழக்கு வரும் வேலை அது.

அரசு ஊழியர்களைப் பற்றியே சொல்லிக்கொண்டு போனால் இன்னொருவர் விடுபட்டுவிடுவார். சென்னை மாகாணத்திலிருந்து சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தாட்சாயணி வேலாயுதன். கொச்சி பக்கத்து முளவுகாடு தீவில் புலையர் சமூகத்தில் 1912இல் பிறந்தவர். அவருடைய சமூகத்தாருக்குக் கொச்சி நகரில் கூட்டம் போடத் தரையில் இடம் தரமாட்டார்கள். அதனால் 1913இல், தாட்சாயணி கைக்குழந்தையாக இருந்தபோது, படகுகளை ஒன்றோடொன்று கட்டிக் காயலின் மேல் கூட்டம் நடத்தினார்கள். தண்ணீருக்குச் சாதி சொல்ல முடியாதே. அந்தக் குழந்தை வளர்ந்து, பட்டம் பெற்று, பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து, முப்பத்து நான்கு வயதில் டெல்லியில் சபைக்குள் போய் உட்கார்ந்தார். சபையில் இருந்த பதினைந்து பெண்களில் தலித் பெண் அவர் ஒருவர்தான். இந்தச் சபை சட்டம் மட்டும் எழுதவில்லை, மக்களுக்கு ஒரு புது வாழ்க்கை முறையையும் தருகிறது என்ற கருத்தில் 1946 டிசம்பரிலேயே அவர் பேசினார். தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவை வாசிக்கும்போது, அதைத் தட்டச்சு செய்த அலுவலகத்தோடு சேர்த்து அந்தக் காயல் படகுகளும் எனக்கு நினைவுக்கு வரும்.

மூன்றாவது, மக்கள். எனக்கு இதுதான் இருப்பதிலேயே வியப்பான பகுதி.

பிரிட்டிஷ் காலத் தேர்தல்களில் சொத்தோ வரியோ படிப்போ இருந்தவர்களுக்கே ஓட்டு. புதிய அரசியலமைப்பு 21 வயது நிறைந்த எல்லோருக்கும் ஓட்டு என்றது. சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்கு, நாட்டில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஒவ்வொருவர் பெயரையும் எழுத வேண்டும். இந்த வேலை அரசியலமைப்பு முடிவதற்கு முன்பே, 1948இலேயே மாகாணங்களில் தொடங்கிவிட்டது. அப்போது பஞ்சாபிலும் வங்காளத்திலும் எல்லை தாண்டி வந்த அகதிகள் லட்சக்கணக்கில் முகாம்களில் இருந்தார்கள். இவர்களை எந்த ஊர்ப் பட்டியலில் எழுதுவது? இந்த ஊரிலேயே நிரந்தரமாகத் தங்கப்போகிறேன் என்று எழுதிக்கொடுத்தால் போதும், பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போனது. குடியுரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே அவர்கள் வாக்காளர் ஆகிவிட்டார்கள்.

1950 மார்ச்சில் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராக வந்தவர் சுகுமார் சென். கணிதம் படித்தவர், ஐ.சி.எஸ். அதிகாரி, அப்போது மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளர். தேர்தலைச் சீக்கிரம் நடத்த நேருவுக்கு அவசரம். சென் பொறுங்கள் என்றார். அவர் முன்னால் இருந்த கணக்கைப் பாருங்கள். வாக்காளர்கள் பதினேழு கோடிக்கு மேல். அவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டசபைகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 4,500 இடங்கள். பட்டியலைத் தட்டச்சு செய்து சரிபார்க்கவே 16,500 குமாஸ்தாக்களை ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். இருபது லட்சம் இரும்புப் பெட்டிகள் செய்ய 8,200 டன் இரும்பு தேவைப்பட்டது.

ஏன் அத்தனை பெட்டி? எழுத்து தெரியாதவர் பெயரைப் படித்து முத்திரை குத்த முடியாதே. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. மறைவுக்குள் போய், சீட்டை வேண்டியவர் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் ஓட்டு முடிந்தது. இரட்டைக் காளை, குடிசை, கதிர் அரிவாள் என்று அன்றாடம் கண்ணில் படுகிற படங்கள். தனிப் பெட்டி முறை நம்மூருக்குப் புதிதல்ல. 1937இல் சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி இருந்தது. சாயத்துக்குப் பதில் சின்னம் என்று ஆனதும், சின்னம் நம் அரசியலை விட்டுப் போகவே இல்லை.

பட்டியலில் ஒரு முடிச்சு விழுந்தது. வட மாநிலங்களில் வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பவரிடம் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. அந்நிய ஆணிடம் பெயர் சொல்வது வழக்கமில்லை. "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்றே எழுதச் சொன்னார்கள். நம் பாட்டிமார் தாத்தா பெயரைச் சொல்லமாட்டார்கள். அங்கே தன் பெயரையே சொல்லவில்லை. சென் இதை ஏற்கவில்லை. ஓட்டு ஓர் ஆளுக்கு, உறவுமுறைக்கு அல்ல என்பது அவர் நிலை. திருத்திக்கொள்ள அவகாசம் கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் சொந்தப் பெயர் வராத ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. 28 லட்சம் பேர் முதல் தேர்தலில் ஓட்டுப் போடவில்லை என்றால் அது சின்ன இழப்பு இல்லை. ஆனால் "ராமின் மனைவி" என்று அன்றைக்கு ஏற்றுக்கொண்டிருந்தால், அரசுத் தாளில் அந்தப் பெண் எத்தனை தலைமுறைக்கு ராமின் மனைவியாகவே இருந்திருப்பாள்? நான் சென் பக்கம்தான், கொஞ்சம் தயக்கத்தோடு.

1951 அக்டோபர் 25 அன்று இமாசலத்தின் சீனி என்ற மலைத் தாலுகாவில் முதல் ஓட்டு விழுந்தது. பனி விழத் தொடங்கினால் வழி அடைபட்டுவிடும் என்பதால் அங்கே முன்கூட்டியே நடத்தினார்கள். நாட்டின் பெரும்பகுதி 1952 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வாக்களித்தது. பட்டியலில் இருந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேருக்கு மேல் வந்தார்கள்.

இந்த ஊழியர்களை நம்பலாமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. பிரிட்டிஷாரிடம் வேலை பார்த்த அதிகாரிகளுக்குப் பாதுகாப்பு எதற்கு என்று சபையில் சிலர் கோபப்பட்டார்கள். அந்த ஊழியர்களில் பலர் முன்பு காங்கிரஸ்காரர்களைச் சிறையில் அடைத்த இயந்திரத்தின் பாகங்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. 1949 அக்டோபரில் பட்டேல் எழுந்து, மனதில் பட்டதை அஞ்சாமல் சொல்லும் அதிகாரிகள் இல்லாவிட்டால் ஒன்றுபட்ட இந்தியா இருக்காது என்று அவர்களுக்காக வாதாடினார். சிறையில் பல ஆண்டு கழித்தவர் அதைச் சொன்னார் என்பதால் அதற்கு எடை இருந்தது.

சுகுமார் சென் 1953இல் சூடானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் தேர்தலையும் மேற்பார்வையிட்டார். திரும்பி வந்து 1957இல் நம் இரண்டாவது பொதுத்தேர்தலையும் நடத்தினார். தன்வரலாறு என்று எதுவும் எழுதவில்லை. இரண்டாவது தேர்தலின் கணக்கை முடித்தபோது, வாக்காளர்கள் கூடியிருந்தும் செலவு முதல் தேர்தலைவிட நாலரைக் கோடி ரூபாய் குறைந்திருந்தது. முதல் தடவை செய்த இரும்புப் பெட்டிகளை அவர் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்.